ஒரே பெயரில் இரண்டு லிப்கர்ல்: /யூஎஸ்ஆர்/லோக்கலில் கம்பைல் செய்தது ஏழு வாரம் கழித்து உடைத்த வேலை

## பின்னணி

இது 2023 அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் நடந்தது. ஒரு நடுத்தர வணிக நிறுவனம், உபுண்டு 22.04 ஓடும் ஒரு சர்வர், அதில் பிஎச்பி 8.1-இல் எழுதிய ஒரு பயன்பாடு. இணையப் பக்கங்களை பிஎச்பி-எஃப்பிஎம் பார்த்துக்கொண்டது. பின்னணி வேலைகளுக்கு சிஸ்டம்டி சர்வீஸாக, நிற்காமல் ஓடும் ஒரு வொர்க்கர் தனியாக இருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு வங்கியின் எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பு அனுப்பும் முறை) சர்வரிலிருந்து செட்டில்மென்ட் கோப்பை இறக்குவதும் அந்த வொர்க்கரின் வேலைதான். இதற்கு அது பிஎச்பியின் கர்ல் எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்தியது. அந்த எக்ஸ்டென்ஷனோ லிப்கர்ல்.எஸ்ஓ.4 என்ற ஷேர்டு லைப்ரரியை, அதாவது கர்ல் என்ற கோப்புப் பரிமாற்றக் கருவியின் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பை, நம்பியிருக்கிறது.

2023 அக்டோபர் 11 அன்று கர்ல் 8.4.0 வெளிவந்தது. சாக்ஸ்5 ப்ராக்ஸியோடு பேசும் இடத்தில் இருந்த ஹீப் ஓவர்ஃப்ளோ (நினைவக எல்லை மீறல்) ஓட்டை, பாதுகாப்புப் பட்டியல் எண் சிவிஇ-2023-38545, அதில் அடைக்கப்பட்டது. 7.69.0 முதல் 8.3.0 வரை எல்லாப் பதிப்புகளும் பாதிக்கப்பட்டவை என்று அறிவிப்பு சொன்னது. உபுண்டு 22.04-இல் இருப்பது 7.81.0. அதே நாளில் உபுண்டு தன் பங்குக்குத் திருத்தத்தை 7.81.0-க்குள்ளேயே புகுத்தி, 7.81.0-1உபுண்டு1.14 என்ற பேக்கேஜாக வெளியிட்டது. இந்த சர்வரில் தானியங்கி அப்டேட் இயங்கிக்கொண்டிருந்ததால், மறுநாளே அது ஏறிவிட்டது. அதாவது ஓட்டை அடைபட்டுவிட்டது. எண் மட்டும் 7.81.0 என்றே நின்றது.

அடுத்த வாரம் வந்த தணிக்கை அறிக்கை எண்ணை மட்டும் பார்த்தது. "கர்ல் 8.4.0-க்குக் கீழே உள்ளது, மாற்றவும்" என்று ஒரு வரி. சர்வர் நிர்வாகி மூலத்திலிருந்து கம்பைல் செய்ய முடிவெடுத்தார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த முடிவுதான். லினக்ஸின் உள்ளடுக்கு வேலைகளில் கைதேர்ந்தவர்களும் இந்த இடத்தில் இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள் என்பதால், அதை அலட்சியம் என்று எழுதித் தள்ள முடியாது.

## அக்டோபரில் செய்தது

பில்டு-எசென்ஷியல், லிப்எஸ்எஸ்எல்-டெவ், ஜெட்லிப்1ஜி-டெவ் ஆகிய பேக்கேஜுகள் மட்டும் சர்வரில் இருந்தன. 8.4.0 மூலத்தை /டிஎம்பி டைரக்டரியில் விரித்து, கட்டும் முன் வசதிகளைத் தீர்மானிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு --வித்-ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஒரே விருப்பத்தைக் கொடுத்து, மேக், பிறகு சூடோ மேக் இன்ஸ்டால். நிறுவும் இடத்தைச் சொல்லும் --ப்ரீஃபிக்ஸ் கொடுக்காததால் எல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குப் போயின.

கான்ஃபிகர் முடிவில் ஒரு சுருக்கப் பட்டியல் அச்சாகும். எஸ்எஸ்எச்: இல்லை. எச்டிடிபி2: இல்லை. பிஎஸ்எல் (குக்கீக்கான பொதுப் பின்னொட்டுப் பட்டியல்): இல்லை. எல்டேப்: இல்லை. நான்கும் திரையில் வந்து மேலேறிப் போயின. அந்தந்த டெவ் பேக்கேஜ் இல்லாவிட்டால் 8.4.0-இன் கான்ஃபிகர் பிழை காட்டி நிற்காது. அந்த வசதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போகும். லிப்பிஎஸ்எல் இல்லாவிட்டால் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் 8.6.0-இல்தான் வந்தது. எஸ்எஸ்எச் இன்றும் கேட்டால்தான் சேரும்.

மேக் இன்ஸ்டால் முடிந்ததும் கர்ல் கட்டளை ஓடவில்லை. கர்ல்_குளோபல்_டிரேஸ் போன்ற, 7.81.0-இல் இல்லாத ஒரு சிம்பலை, அதாவது ஒரு செயற்கூறின் பெயரை, காணவில்லை என்ற பிழை வந்தது. காரணம் எளிது. கட்டளை புதியது, ஆனால் நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றும் லிங்கரின் கேச்சில், அதாவது பெயர்-பாதைப் பட்டியலில், லிப்கர்ல்.எஸ்ஓ.4 என்ற பெயருக்கு எதிரே இன்னும் பழைய கோப்பின் பாதையே இருந்தது.

இங்கே ஒரு சின்னக் கண்ணி உண்டு. மேக் இன்ஸ்டாலின் வெளியீட்டில் "எல்டிகான்ஃபிக் -என் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்" என்ற வரியை லிப்டூல் அச்சிடும். எல்டிகான்ஃபிக் என்பது அந்தக் கேச்சை எழுதும் கட்டளை. பார்ப்பவர் கேச் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்றே நினைப்பார். -என் விருப்பமோ அந்த டைரக்டரியில் சிம்லிங்குகளை (வேறு கோப்பைக் காட்டும் சுட்டிகளை) மட்டும் அமைக்கும்; /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கேச் கோப்பைத் தொடாது.

நிர்வாகியும் கேச் சரி என்றே எடுத்துக்கொண்டு, தன் ஷெல் தொடங்கும்போது படிக்கும் .பேஷ்ஆர்சி கோப்பில், லைப்ரரியை முதலில் எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் என்று ஒரு வரி சேர்த்தார். கர்ல் ஓடியது, பதிப்பு 8.4.0 என்று காட்டியது, தணிக்கைக்குப் பதில் போனது. அவருடைய ஷெல்லில் மட்டும்தான் மாற்றம். வொர்க்கர், எஃப்பிஎம், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் மூன்றும் அந்த .பேஷ்ஆர்சியைப் படிப்பதில்லை.

## இடையில் நடந்தது

சில நாட்களில் தானியங்கி அப்டேட் சம்பந்தமே இல்லாத வேறொரு லைப்ரரியை ஏற்றியது. டெபியன் வகை கணினிகளில் லைப்ரரி உள்ள எந்தப் பேக்கேஜை நிறுவினாலும், முடிவில் லிப்சி-பின் என்ற பேக்கேஜின் ட்ரிகர் (தானே ஓடும் துணை வேலை) ஓடும். அந்த ட்ரிகர் செய்வது முழு எல்டிகான்ஃபிக். நிர்வாகி ஓட்டாமல் விட்டதை உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஏபிடி ஓட்டியது. அந்த நிமிடத்திலிருந்து சர்வரில் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு புரோசஸுக்கும் லிப்கர்ல்.எஸ்ஓ.4 என்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பில் இருப்பதுதான்.

ஏன் அது முந்தியது? உபுண்டுவில் /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி டைரக்டரிக்குள் லிப்சி.கான்ஃப் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதன் உள்ளடக்கம் ஒரே பாதை: /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப். டிஸ்ட்ரோவின் (இங்கே உபுண்டுவின்) சொந்த லைப்ரரி டைரக்டரிகள் எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யூ.கான்ஃப் என்ற கோப்பில் இருக்கின்றன. கோப்புகள் அகரவரிசையில் படிக்கப்படும். எல், எக்ஸுக்கு முன். ஆக உபுண்டுவில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஓர் ஒதுக்குப்புறம் அல்ல, வரிசையில் முதலிடம். ரெட்ஹேட் வகையில் இந்தப் பாதை இயல்பாகப் பட்டியலிலேயே இருக்காது. அங்கே பழகியவர்கள் உபுண்டுவுக்கு வரும்போது இந்த வேறுபாட்டில் அடிபடுவதைப் பலமுறை பார்க்கலாம்.

வரிசை ஒன்று மட்டும் இருந்தால் போதாது. பெயரும் ஒன்றாக இருந்தால்தான் மோதல் வரும். லிப்கர்லின் எஸ்ஓநேம் (லைப்ரரிக்குள் எழுதியிருக்கும், லிங்கர் தேடும் பெயர்) 2006-இல் வந்த 7.16.0 முதல் மாறவே இல்லை: லிப்கர்ல்.எஸ்ஓ.4. ஏபிஐ உடையாமல் காக்கும் கர்ல் குழுவின் பிடிவாதம் அது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதனாலேயே 7.81.0-உம் 8.4.0-உம் லிங்கரின் கண்ணுக்கு ஒரே பொருள். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1-ஐயும் 3-ஐயும் அருகருகே வைத்தால் எஸ்ஓநேம் வேறு என்பதால் ஒன்று மற்றதைத் தொடாது. லிப்கர்லில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இவ்வளவு நடந்தும் எதுவும் உடையவில்லை. வொர்க்கரும் எஃப்பிஎம்மும் முன்பே தொடங்கியவை. அவற்றின் நினைவகத்தில் பழைய லைப்ரரிதான் ஏற்றப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸ் கேச் மாறியதைப் பார்ப்பதில்லை.

ஒரே ஒரு இடத்தில் தடயம் விழுந்தது. கிரான் வழியாக ஓடும் பிஎச்பி கட்டளைகள் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதால், அவற்றின் பிழை வெளியீட்டில் "/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/லிப்கர்ல்.எஸ்ஓ.4: பதிப்புத் தகவல் இல்லை" என்ற எச்சரிக்கை வரத் தொடங்கியது. டிஸ்ட்ரோவின் லிப்கர்லில் ஒவ்வொரு சிம்பலுக்கும் கர்ல்_ஓப்பன்எஸ்எஸ்எல்_4 என்ற பதிப்புக் குறி ஒட்டியிருக்கும். மூலத்திலிருந்து இயல்பான விருப்பங்களோடு கட்டியதில் அந்தக் குறி இருக்காது. குறியே இல்லாத லைப்ரரி என்றால் லிங்கர் முனகிவிட்டு ஏற்றிக்கொள்ளும். வேறு குறி இருந்தால்தான் மறுக்கும். கிரான் இந்த முனகலை ரூட்டின் உள்ளூர் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

நிர்வாகியின் ஷெல்லில் இந்த எச்சரிக்கை ஏன் வரவில்லை? பாத் வரிசையில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் முதலில் இருப்பதால் கர்ல் என்று அடித்தால் புதிய கட்டளைதான் ஓடும். அது குறியில்லாத லைப்ரரியோடு குறியில்லாமலே கட்டப்பட்டது, அதனால் முனகல் இல்லை. /யூஎஸ்ஆர்/பின்/கர்ல் என்று முழுப் பாதை கொடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

## டிசம்பர் 7, 8

டிசம்பர் 6 அன்று கர்லுக்கு இன்னொரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது: சிவிஇ-2023-46218, குக்கீ தொடர்பானது; 8.4.0 வரை பாதிப்பு, 8.5.0-இல் சரி. உபுண்டு அதையும் 7.81.0-1உபுண்டு1.15 என்ற பேக்கேஜில் கொடுத்தது. 7-ஆம் தேதி காலை அது தானாக ஏறியது. பழைய லைப்ரரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் சர்வீஸ்கள் என்று நீட்ரீஸ்டார்ட் கருவி வொர்க்கரையும் எஃப்பிஎம்மையும் காட்டியது. நிர்வாகி இரண்டையும் மறுதொடக்கம் செய்தார். முறையான வேலைதான்.

அன்றிரவு செட்டில்மென்ட் கோப்பு இறங்கவில்லை. 8-ஆம் தேதி காலை கணக்குப் பிரிவு கேட்டபோது லாக் பார்க்கப்பட்டது. கர்ல் பிழை எண் 1. எஸ்எஃப்டிபி புரோட்டோகால் ஆதரிக்கப்படவில்லை அல்லது லிப்கர்லில் முடக்கப்பட்டுள்ளது. எச்டிடிபிஎஸ் வழியாகப் போகும் மற்ற அழைப்புகள் எல்லாம் நன்றாகவே ஓடின.

முந்தைய நாள் லிப்கர்ல் பேக்கேஜ் மாறியிருக்கிறது, மறுநாள் லிப்கர்ல் பிழை. உபுண்டு 1.15-இல் எஸ்எஃப்டிபியை எடுத்துவிட்டது என்ற முடிவுக்கு வர யாருக்கும் நேரம் ஆகாது. 1.14-இன் டெப் கோப்பைத் தேடி எடுத்து டவுன்கிரேட் செய்தார்கள். மாற்றமில்லை. லிப்கர்ல்4, பிஎச்பி8.1-கர்ல் இரண்டையும் மறுபடி நிறுவினார்கள். மாற்றமில்லை. டிபிகேஜி-யின் சரிபார்ப்பு விருப்பம் எந்தக் கோப்பும் மாறவில்லை என்றது. எல்லாம் உண்மை, பேக்கேஜுகள் பழுதில்லாமல்தான் இருந்தன. அவற்றை யாரும் ஏற்றவில்லை என்பதுதான் சிக்கல். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இங்கேயே போனது.

கிட் வழக்கம்போல் வேலை செய்தது, ஏபிடி-யும் அப்படியே. "லிப்கர்ல் கெட்டிருந்தால் கிட்டும் கெட்டிருக்குமே" என்ற வாதம் எழுந்தது. உபுண்டுவின் கிட் லிப்கர்ல்-ஜிஎன்யூடிஎல்எஸ்.எஸ்ஓ.4 என்ற வேறு எஸ்ஓநேமைப் பயன்படுத்துகிறது. ஏபிடி லிப்கர்லையே இப்போது பயன்படுத்துவதில்லை. இரண்டும் சாட்சியாக நிற்கத் தகுதியற்றவை.

## முடிச்சு அவிழ்ந்த இடம்

குழுவில் ஒருவர் "பிஎச்பி --ஆர்ஐ கர்ல்" ஓட்டினார். கர்ல் தகவல் என்ற வரியில் 8.4.0 என்று வந்தது. பேக்கேஜ் 7.81.0 என்கிறது, ஓடுவது 8.4.0. அதற்குப் பிறகு பத்து நிமிட வேலை.

பிஎச்பியின் கர்ல்.எஸ்ஓ மேல், எந்த லைப்ரரி ஏறும் என்று காட்டும் எல்டிடி ஓட்டியதில் லிப்கர்ல்.எஸ்ஓ.4 எதிரே /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் பாதை வந்தது. நம்பிக்கையில்லாத பைனரிகள் மேல் எல்டிடி ஓட்டக் கூடாது, அது சில நேரம் அந்த நிரலையே இயக்கிவிடும். அப்படிப்பட்டவற்றுக்கு ரீட்எல்ஃப் -டி போதும். இங்கே டிஸ்ட்ரோ கொடுத்த கோப்பு என்பதால் பிரச்சினையில்லை. எல்டிகான்ஃபிக் -பி பட்டியலில் லிப்கர்ல்.எஸ்ஓ.4 இரண்டு வரிகளாக இருந்தது, லோக்கல் முதலில். எல்டி_டீபக்=லிப்ஸ் என்று முன்னால் வைத்து பிஎச்பியை ஓட்டியபோது லிங்கர் தேடிய வழி முழுவதும் தெரிந்தது: கேச்சைத் திறக்கிறது, /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/லிப்கர்ல்.எஸ்ஓ.4-ஐ முயல்கிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. ஓடும் வொர்க்கரின் /ப்ராக் டைரக்டரியில், நினைவகத்தில் ஏறியிருக்கும் கோப்புகளைக் காட்டும் மேப்ஸ் கோப்பு லிப்கர்ல்.எஸ்ஓ.4.8.0 என்றது. உபுண்டுவின் கோப்பு 4.7.0 என்று முடியும்.

ரூட்டின் அஞ்சல் பெட்டியையும் அப்போதுதான் திறந்தார்கள். முதல் எச்சரிக்கை வந்த நேரத்தை டிபிகேஜி லாக்கோடு ஒப்பிட்டால், சற்று முன் லிப்சி-பின் ட்ரிகர் ஓடிய வரி இருந்தது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் தேவை, வங்கிக் கோப்பு அன்று பகலுக்குள் வர வேண்டும். /யூஎஸ்ஆர்/லோக்கலில் உடனே கை வைப்பது ஆபத்து. அதை வேறு எது நம்பியிருக்கிறது என்று அதுவரை தெரியாது. அதனால் வொர்க்கரின் சிஸ்டம்டி யூனிட்டுக்கு மட்டும் ஒரு டிராப்-இன் (கூடுதல் அமைப்புக் கோப்பு) எழுதி, எல்டி_லைப்ரரி_பாத்-ஐ /யூஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யூ என்று வைத்தார்கள். இந்த மாறி கேச்சுக்கு முன்பே பார்க்கப்படும். ஒரு சர்வீஸை மட்டும் தொடும், ஒரு கோப்பை அழித்தால் பழைய நிலை. டவுன்கிரேட் செய்த பேக்கேஜையும் 1.15-க்கு ஏற்றி, வொர்க்கரை மறுதொடக்கம் செய்ததும் கோப்பு இறங்கியது. இந்த டிராப்-இன்னை நிரந்தரமாக விடக் கூடாது என்று யூனிட் கோப்பிலேயே தேதியோடு கருத்துரை எழுதினார்கள்.

நிரந்தரத் தீர்வுக்கு நான்கு வழிகள் பேசப்பட்டன.

எல்லா டெவ் பேக்கேஜுகளையும் நிறுவி அதே /யூஎஸ்ஆர்/லோக்கலில் முழு வசதியோடு மறுபடி கட்டுவது முதல் வழி. எஸ்எஃப்டிபி வரும். ஆனால் இனி லிப்கர்லின் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தமும் கைவேலை. இந்த நிகழ்விலேயே அதன் விலை தெரிந்துவிட்டது: பாதுகாப்புக்காக ஏற்றிய 8.4.0, டிசம்பர் 6-க்குப் பிறகு தானே ஓட்டையுள்ள பதிப்பு ஆகிவிட்டது. ஏபிடி-யோ லிப்கர்ல்4 திருத்தப்பட்டது என்று அறிக்கை கொடுக்கிறது. போதாக்குறைக்கு, லிப்பிஎஸ்எல் இல்லாமல் கட்டியதால் பொதுப் பின்னொட்டுப் பட்டியலைச் சரிபார்க்கும் பகுதியே அதில் இல்லை. குக்கீ விஷயத்தில் திருத்தப்படாத 7.81.0-ஐவிட அது மோசம்.

இதையே பதிப்புக் குறி ஒட்டும் --எனேபிள்-வெர்ஷன்ட்-சிம்பல்ஸ் கொடுத்துக் கட்டலாம் என்றார் ஒருவர். எச்சரிக்கை மறையும், கையில் இருந்த ஒரே தடயமும் மறையும். நிராகரித்தார்கள்.

லிப்சி.கான்ஃபின் பெயரை மாற்றி வரிசையைத் திருப்புவது இரண்டாவது. சுலபம்தான். ஆனால் அது லிப்சி பேக்கேஜின் கோப்பு. அடுத்த சர்வரில் இருக்காது. ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு ஏன் என்று புரியாது.

/யூஎஸ்ஆர்/லோக்கலிலிருந்து அகற்றிவிட்டு டிஸ்ட்ரோவை நம்புவது மூன்றாவது. தனி ப்ரீஃபிக்ஸில் கட்டி, தேவைப்படும் நிரலுக்கு மட்டும் பாதையைப் பொதிப்பது நான்காவது. மூன்றாவதே போதும் என்றுதான் தோன்றியது, கணக்கெடுக்கும்வரை.

## கணக்கெடுப்பும் அகற்றலும்

இரண்டு பக்கத்திலிருந்து தேடினார்கள். ஓடும் எல்லா புரோசஸ்களின் மேப்ஸ் கோப்புகளிலும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/லிப்கர்ல் உள்ளவை எவை. பிறகு /யூஎஸ்ஆர்/லோக்கல், /ஆப்ட், /எஸ்ஆர்வி ஆகியவற்றில் உள்ள இயங்கு கோப்புகளில், ரீட்எல்ஃப் -டி வெளியீட்டில் நீடெட் வரியாக லிப்கர்ல்.எஸ்ஓ.4 உள்ளவை எவை. இரண்டாவதில் ஒன்று சிக்கியது: நவம்பரில் டெவலப்பர் ஒருவர் சி-யில் எழுதிய சின்னக் கண்காணிப்பு நிரல். அது கர்ல்_ஈஸி_ஹெடர் என்ற செயற்கூறை அழைக்கிறது. அந்தச் செயற்கூறு 7.83.0-இல்தான் அறிமுகம், டிஸ்ட்ரோவின் 7.81.0-இல் கிடையாது. ஜிசிசி /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்லூட்-ஐ /யூஎஸ்ஆர்/இன்க்லூடுக்கு முன்பே தேடும் என்பதால், அவர் எதுவும் கேட்காமலே அவருக்கு 8.4.0-இன் ஹெடர்கள் கிடைத்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டு அகற்றியிருந்தால் இது விழுந்திருக்கும்.

ஆகவே முதலில் மாற்று இடம். லிப்பிஎஸ்எல்-டெவ், லிப்என்ஜிஎச்டிடிபி2-டெவ் நிறுவி, 8.5.0-ஐ --ப்ரீஃபிக்ஸ்=/ஆப்ட்/கர்ல்/8.5.0, --வித்-ஓப்பன்எஸ்எஸ்எல், --வித்-என்ஜிஎச்டிடிபி2, --வித்-லிப்பிஎஸ்எல், --டிசேபிள்-ஸ்டாட்டிக் என்று கட்டினார்கள். சுருக்கப் பட்டியலை இந்த முறை கோப்பில் சேமித்தார்கள். வெளிப்படையாக --வித் என்று கேட்ட லைப்ரரி கிடைக்காவிட்டால் பொதுவாகக் கான்ஃபிகர் நின்றுவிடும்; 8.5.0-இல் லிப்பிஎஸ்எல் இதற்கு விதிவிலக்கு, அதைப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். தானே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டால் நிற்காது. பிறகு /ஆப்ட்/கர்ல்/8 என்ற சிம்லிங்கை 8.5.0-க்குக் காட்டினார்கள். 8.6.0 வந்தால் அதை மட்டும் திருப்பினால் போதும், நிரலை மறுபடி கட்ட வேண்டாம்.

கண்காணிப்பு நிரலைக் கட்டும்போது பிகேஜி_கான்ஃபிக்_பாத்-ஐ /ஆப்ட்/கர்ல்/8/லிப்/பிகேஜிகான்ஃபிக் என்று வைத்தார்கள். இதோடு நிறுத்தினால் கம்பைல் ஆகும், லிங்க் ஆகும், ஓடாது. பிகேஜி-கான்ஃபிக் கொடுப்பது -எல் விருப்பம். அது கட்டும் நேரத்துக்கு மட்டும். ஓடும் நேரத்தில் லிங்கர் மறுபடி கேச்சுக்குப் போய் 7.81.0-ஐ எடுத்து, சிம்பல் இல்லை என்று சாகும். அதனால் எல்டிஃபிளாக்ஸில் -டபிள்யூஎல்,-ஆர்பாத்,/ஆப்ட்/கர்ல்/8/லிப் சேர்த்தார்கள். கட்டிய பிறகு ரீட்எல்ஃப் -டி காட்டும் ரன்பாத் (நிரலுக்குள் பொதித்த லைப்ரரிப் பாதை) வரியில் அந்தப் பாதை இருக்கிறதா என்று பார்த்த பின்பே நிரலை வைத்தார்கள்.

ரன்பாத்தில் நினைவில் வைக்க வேண்டிய இரண்டு உண்டு. எல்டி_லைப்ரரி_பாத் ரன்பாத்தை முந்திவிடும், நிர்வாகியின் .பேஷ்ஆர்சி வரி இருந்தவரை அவருடைய ஷெல்லில் சோதித்தால் விடை தவறாகவே வரும். சூடோ இந்த மாறியைக் கழற்றிவிடும் என்பதால் சூடோவோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரு விடை வேறு. அந்த வரிதான் முதலில் நீக்கப்பட்டது. இரண்டாவது, ரன்பாத் அந்த நிரல் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கு மட்டும் செல்லும். இடையில் இன்னொரு லைப்ரரி லிப்கர்லைக் கேட்டால் அதற்குச் செல்லாது. அப்படிப்பட்ட சூழலில் --டிசேபிள்-நியூ-டிடேக்ஸ் கொடுத்துப் பழைய ஆர்பாத்தாக எழுத வேண்டும். இங்கே தேவைப்படவில்லை.

அடுத்து அகற்றல். மூல டைரக்டரியில் மேக் அன்இன்ஸ்டால் ஓட்டினால் முடிந்திருக்கும். ஆனால் /டிஎம்பியில் விரித்தது எப்போதோ துடைக்கப்பட்டுவிட்டது. 8.4.0-ஐ மறுபடி இறக்கி, அதே விருப்பங்களோடு கட்டி, மேக் இன்ஸ்டாலுக்கு டெஸ்ட்டிர் மாறியில் ஒரு காலி டைரக்டரியைக் கொடுத்தார்கள். அங்கே விழுந்த கோப்புகளின் பட்டியல்தான் அகற்ற வேண்டிய பட்டியல்: கர்ல், கர்ல்-கான்ஃபிக், இன்க்லூட் டைரக்டரி, லிப்கர்லின் .ஏ, .எல்ஏ, .எஸ்ஓ வகைகள், பிகேஜிகான்ஃபிக் கோப்பு, மேன் பக்கங்கள், ஏசிலோக்கலில் ஒரு .எம்4.

அழிப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி வைக்க விரும்பினார்கள். லிப்கர்ல்.எஸ்ஓ.4.8.0-ஐ அதே இடத்தில் .பேக் என்று பெயர் மாற்றி எல்டிகான்ஃபிக் ஓட்டியபோது பழையபடியே லோக்கல் பாதை வந்தது. எல்டிகான்ஃபிக் கோப்பின் பெயரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. லிப் என்று தொடங்கி நடுவில் .எஸ்ஓ இருந்தால் திறந்து, உள்ளே எழுதியிருக்கும் எஸ்ஓநேமைப் படித்து, அந்தப் பெயரில் சிம்லிங்கை மறுபடி உண்டாக்கும். லிப்கர்ல்.எஸ்ஓ.4 இப்போது .பேக் கோப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. டைரக்டரியை விட்டே வெளியே நகர்த்திய பிறகுதான் கேச்சில் ஒற்றை வரி வந்தது. திறந்திருந்த ஷெல்களில் ஹாஷ் -ஆர் அடிக்க வேண்டியிருந்தது. பேஷ் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/கர்லை நினைவில் வைத்துக்கொண்டு, கோப்பு இல்லை என்று புலம்பும்.

## விளைவு

வொர்க்கரின் டிராப்-இன் நீக்கப்பட்டு, எஃப்பிஎம்மும் வொர்க்கரும் மறுதொடக்கம். பிஎச்பி --ஆர்ஐ கர்ல் 7.81.0 என்றது, புரோட்டோகால் பட்டியலில் எஸ்எஃப்டிபி வந்தது, எச்டிடிபி2-உம் திரும்பியது. மறுதொடக்கத்திலிருந்து வெளி ஏபிஐ அழைப்புகள் எச்டிடிபி 1.1-இல் போய்க்கொண்டிருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை. கிரான் அஞ்சல்களில் எச்சரிக்கை நின்றது. கண்காணிப்பு நிரலின் மேப்ஸ் கோப்பு /ஆப்ட்/கர்ல்/8.5.0 என்றது.

## மாற்றியவை

டிஸ்ட்ரோவில் அதே எஸ்ஓநேமோடு இருக்கும் எந்த லைப்ரரியையும் /யூஎஸ்ஆர்/லோக்கலில் நிறுவுவதில்லை என்பது விதி. நிறுவும் முன் ரீட்எல்ஃப் காட்டும் எஸ்ஓநேமை எல்டிகான்ஃபிக் -பி பட்டியலில் தேடிப் பார்ப்பது அரை நிமிட வேலை. மோதினால் /ஆப்ட்டில் தனி ப்ரீஃபிக்ஸும் ரன்பாத்தும். /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி-யில் /ஆப்ட் பாதைகளைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் மறுபடி அதே கதை.

தினமும் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், எல்டிகான்ஃபிக் -பி பட்டியலில் ஒரே எஸ்ஓநேம் இரு டைரக்டரிகளில் இருந்தால் சொல்லும். 32-பிட், 64-பிட் இரண்டும் உள்ள கணினியில் கட்டமைப்பையும் சேர்த்து ஒப்பிட வேண்டும், இல்லையேல் பொய்யான எச்சரிக்கை குவியும். ரூட்டின் அஞ்சல் இப்போது குழுவின் பொது முகவரிக்குப் போகிறது. /ஆப்ட்/கர்லுக்குப் பொறுப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டு, கர்ல் வெளியீட்டு அறிவிப்புகள் அவருக்கு வருகின்றன.

தணிக்கைக்கான பதிலும் மாறியது. பதிப்பு எண்ணுக்குப் பதிலாக, /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்/லிப்கர்ல்4-இல் உள்ள சேஞ்ச்லாகில் ஜெட்கிரெப் கொண்டு சிவிஇ எண்ணைத் தேடி, அது திருத்தப்பட்ட பேக்கேஜ் பதிப்பையும் சர்வரில் நிறுவியிருக்கும் பதிப்பையும் அருகருகே வைத்து அனுப்புகிறார்கள். தணிக்கைக் கருவி இன்னும் ஒவ்வொரு காலாண்டும் 7.81.0-ஐச் சிவப்பில்தான் காட்டுகிறது. அதே பதில் ஒவ்வொரு முறையும் போகிறது, ஏற்கப்படுகிறது.